72 செ.மீ. ஹேண்டில்பார்: டோக்கியோவில் ஓட்டலாமா?

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். நம்மவர் ஒருவர் மூலம் பழைய மவுண்டன் பைக் வாங்கினேன். ஹேண்டில்பார் 72 செ.மீ. அகலம். சோதித்துப் பார்த்து ஒட்டும் டி.எஸ். மார்க் ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லிக் கடைக்குப் போனால், "60 செ.மீ.க்கு மேல் இருந்தால் முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாங்கிக் கொடுத்தவரோ, "ரோட்டில் எடுத்தால் போலீஸ் பிடிக்கும். 15,000 யென் கொடுங்கள், பாரை வெட்டி சர்டிஃபிகேட்டும் வாங்கித் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஜப்பானில் சைக்கிளுக்கு எஃப்.சி. என்று எதுவும் கிடையாது. இல்லாத சர்டிஃபிகேட்டை அவர் எங்கிருந்து வாங்கித் தருவார்?

உங்கள் சைக்கிளை ரோட்டில் ஓட்டலாம். இடது ஓரமாகப் போங்கள், சிக்னலை மதியுங்கள், பிரேக்கும் விளக்கும் சரியாக இருக்கட்டும். இந்த 60 செ.மீ. கணக்கு வேறு விஷயத்துக்கு. நீளம் 190, அகலம் 60 செ.மீ.க்குள் இருந்து, இன்னும் சில நிபந்தனைகளுக்கும் பொருந்தினால் அதை ‘சாதாரண சைக்கிள்’ என்கிறது சட்டம். அந்த வகைக்குத்தான் நடைபாதையில் ஏறும் சலுகை, அதுவும் அனுமதிப் பலகை இருக்கும் இடம் போன்ற சில சந்தர்ப்பங்களில் மட்டும். அளவு தாண்டினால் சலுகை போகும். சைக்கிள் சட்டவிரோதமாகிவிடாது.

கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. டி.எஸ். மார்க் என்பது மெக்கானிக் சோதித்துப் பார்த்து ஒட்டும், ஓராண்டு இன்ஷூரன்ஸோடு வரும் ஸ்டிக்கர். அதைச் சாதாரண சைக்கிளுக்குத்தான் ஒட்டுவார்கள். டோக்கியோவில் 2020 ஏப்ரல் முதல் சைக்கிள் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்பது உண்மை. ஆனால் அது இந்த ஸ்டிக்கர் வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. வீட்டு இன்ஷூரன்ஸிலேயே பிறருக்கு நேரும் சேதத்துக்கான பாதுகாப்பு சேர்ந்திருக்கலாம்; முதலில் அதை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் தனியாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

நடைபாதை விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் மாட்டுவது இதில்தான். ரோட்டோரம் லாரி நிற்கிறது, பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். அப்போது நடைபாதையில் ஏறிப் போகலாமே என்பார்கள். ஏறலாம், சாதாரண சைக்கிளாக இருந்தால். ‘வேறு வழியில்லாதபோது’ என்ற அந்த விலக்கும் சாதாரண சைக்கிளுக்காக எழுதப்பட்டதுதான், உங்கள் 72 செ.மீ.க்கு அல்ல. நீங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். இரு சக்கர சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவர் சட்டத்தின் கண்ணில் பாதசாரிதான், பார் எவ்வளவு அகலமாக இருந்தாலும். ஆனால் ஒரு காலைப் பெடலில் வைத்துக்கொண்டு உருட்டினால் அது ஓட்டுவதுதான். பாதி இறங்கினேன் என்ற வாதம் எடுபடாது. 2026 ஏப்ரல் 1 முதல் 16 வயது நிரம்பியவர்களுக்கு, விதி மீறினால் போலீஸ் கொடுக்கும் ‘நீலச் சீட்டு’ அபராதம். நடைபாதையில் ஓட்டியதற்கு 6,000 யென். பெரும்பாலும் எச்சரித்து விடுவார்கள், ஆபத்தாக ஓட்டினால்தான் சீட்டு என்கிறது போலீஸ். அதை நம்பி ஏறாதீர்கள்.

‘சாதாரண சைக்கிள்’ என்ற வகையைச் சட்டத்தில் சேர்த்தது 1978இல். இன்று மவுண்டன் பைக் பார்கள் 70, 80 செ.மீ.க்கு வருகின்றன. ரோட்டில் போ என்கிறார்கள். ரோட்டோரத்தில் வேன்களை நிற்க விட்டிருக்கிறார்கள். நடைபாதைக்கு ஒதுங்கினால் டேப்பை நீட்டுகிறார்கள். யாரிடம் போய்ச் சொல்வது?

நடைபாதை கட்டாயம் வேண்டுமென்றால் மட்டும் வெட்டுங்கள். பக்கத்துக்கு 6 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். வெட்டிய பிறகு பிரேக் லீவர், கியர் ஷிஃப்டர், கைப்பிடி மூன்றுக்கும் இடம் இருக்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். நடுவில் வளைந்து ஏறும் பாரில் பெரும்பாலும் இருக்காது. அப்போது 58 செ.மீ. பார் ஒன்று வாங்கி மாட்டுவதே மேல். கார்பன் பாராக இருந்தால் சாதாரண ரம்பத்தோடு பக்கத்தில் போகாதீர்கள், கடையில் விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு உண்மையில் பயம் அதில்தான். ஜப்பானில் ஒவ்வொரு சைக்கிளுக்கும் திருட்டுத் தடுப்புப் பதிவு உண்டு. பழைய உரிமையாளர் தன் பதிவை ரத்து செய்துவிட்டு, கைமாற்றியதாக எழுதிக் கொடுத்தால்தான் உங்கள் பெயரில் பதிய முடியும். இந்த இடைத்தரகர்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. இரவில் போலீஸ் நிறுத்தி நம்பரைப் பார்த்து, வேறு யாரோ பெயர் வந்தால், பாரின் அகலத்தை யாரும் கேட்கமாட்டார்கள். சைக்கிள் யாருடையது என்றுதான் கேட்பார்கள். பதில் சொல்லத் தெரியாமல் நிற்பது நீங்கள். விற்றுக் கொடுத்தவர் போனை எடுக்கமாட்டார்.

அதனால் 15,000 யென் பேச்சை விட்டுவிட்டு, ரத்து செய்த அத்தாட்சியையும் கைமாற்றுக் கடிதத்தையும் அவரிடம் கேளுங்கள். இழுத்தடித்தால் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.