தேடும் கெர்னல் வேறு, ஓடும் கெர்னல் வேறு

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை: லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையக்கருவை) நாமே கம்பைல் செய்யும்போது, பிழை தேட உதவும் விருப்பங்களில் எதை இயக்குவது, எதை விடுவது. டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதுவதும் பிறர் எழுதிய டிரைவர்கள் விழுந்த இடத்தைத் தேடுவதும்தான் என் அன்றாட வேலை என்பதால், இந்தக் கேள்விகளை மிகுந்த ஆவலோடு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கெர்னலின் விருப்பங்களைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் 'கெர்னல் ஹேக்கிங்' பகுதிக்குள் போய்க் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் இயக்கிவிட்டேன். கம்பைல் முடிய நெடுநேரம் ஆகிறது, வட்டு நிரம்பிவிட்டது, கெர்னல் ஆமை வேகத்தில் ஓடுகிறது. எவற்றை எடுத்துவிடலாம்? (பொறியியல் மாணவி)

எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு தேவையானதை மட்டும் சேருங்கள். அந்தப் பகுதியில் இருப்பவை ஒரே மருந்தின் பல அளவுகள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வகைப் பிழைக்காக எழுதப்பட்டது. சில ஒன்றோடொன்று சேரவும் சேரா. தரவுப் போட்டியை (ஒரே தரவை இருவர் ஒழுங்கின்றி ஒரே நேரத்தில் தொடுவதை) கண்டுபிடிக்கும் கேசிசானும் நினைவகப் பிழையைக் கண்டுபிடிக்கும் கேசானும் ஒரே கெர்னலில் இருக்க முடியாது.

முதலில் செலவைப் பிரித்துப் பாருங்கள். டீபக் தகவல் (இயந்திரக் குறிமுறையை மூலத்தின் வரிகளோடும் மாறிகளோடும் இணைக்கும் விவரம்) என்ற விருப்பம் கம்பைல் நேரத்தையும் வட்டையும் மட்டுமே தின்னும். கெர்னல் ஓடும் வேகத்தை அது தொடுவதில்லை, ஏனென்றால் கணினி துவங்கும்போது ஏற்றப்படும் சுருக்கப்பட்ட படிமத்தில் அந்தத் தகவல் இருப்பதில்லை. ஆகவே இதை எப்போதும் இயக்கி வையுங்கள். 5.18 பதிப்பு முதல் இது ஒரு தேர்வுப் பட்டியலாக வருகிறது. 'டிவார்ஃப், கம்பைலரின் இயல்புப் பதிப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்; டிவார்ஃப் என்பது அந்தத் தகவலை எழுதும் வடிவம். கீழே 'குறைக்கப்பட்ட தகவல்' என்று ஒன்று இருக்கும். வட்டு மிச்சமாகிறதே என்று அதைத் தொட்டுவிடாதீர்கள். ஸ்ட்ரக்சர்களின் (பல உறுப்புகள் சேர்ந்த தரவுக் கட்டமைப்புகளின்) அமைப்பு பற்றிய தகவலைத்தான் அது வெட்டுகிறது; நமக்கு முதலில் தேவைப்படுவதே அதுதான்.

வட்டு நிரம்பியதற்குக் காரணம் பெரும்பாலும் மாட்யூல்கள், அதாவது தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றப்படும் துண்டுகள். அவை டீபக் தகவலைச் சுமந்துகொண்டே நிறுவப்படும், துவக்க நினைவகப் படிமமும் அதனால் பருத்துவிடும். மாட்யூல்களை நிறுவும் கட்டளையில் 'இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப்' என்ற மாறிக்கு 1 கொடுத்தால் நிறுவப்படும் நகல் மட்டும் மெலியும், கம்பைல் செய்த அடைவில் முழுத் தகவலும் பத்திரமாக இருக்கும். கம்பைல் நேரத்தைக் குறைக்க 'லோக்கல்மாட்கான்ஃபிக்' உதவும். இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது நீக்கிவிடும். அதை இயக்கும் முன் உங்கள் யுஎஸ்பி கருவிகளையெல்லாம் ஒருமுறை செருகிவிடுங்கள். செருகாத கருவியின் டிரைவர் புதிய கெர்னலில் இருக்காது.

ஓடும்போது விலை கேட்பவை வேறு. கேசானின் பொதுவகை, மொத்த நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தன் நிழல் வரைபடத்துக்கு (எந்தப் பைட்டைத் தொடலாம் என்ற குறிப்பேட்டுக்கு) எடுத்துக்கொள்ளும். வேகம் ஏறத்தாழ மூன்று மடங்கு குறையும் என்று அதன் உதவிக் குறிப்பே சொல்கிறது. பூட்டு என்பது ஒரே தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொட வைக்கும் ஏற்பாடு; லாக்டெப் ஒவ்வொரு பூட்டையும் கண்காணிக்கும். இந்தச் சுமையோடு உங்கள் கணினியை அன்றாடம் பயன்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு கெர்னல்களை வைத்துக்கொள்ளுங்கள்: தேடுவதற்கு ஒன்று, ஓடுவதற்கு ஒன்று. கம்பைல் அடைவும் இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கட்டும். உள்ளகப் பதிப்பு என்ற இடத்தில் வேறு வேறு பின்னொட்டு கொடுத்தால் இரண்டின் மாட்யூல்களும் ஒன்றையொன்று மேலெழுதாது.

இன்னொன்று. இதை யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. விருப்பங்கள் எல்லாம் பதிவாகும் '.கான்ஃபிக்' கோப்பில் கையால் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, விடுபட்டவற்றுக்கு இயல்பு மதிப்பு இடும் 'ஓல்டுடெஃப்கான்ஃபிக்' ஓட்டினால், அந்த விருப்பம் சார்ந்திருக்கும் வேறொன்று இயக்கப்படாத நிலையில், உங்கள் வரி சத்தமே இல்லாமல் காணாமல் போகும். எச்சரிக்கை எதுவும் வராது. கேசான் இயங்குகிறது என்று நம்பிக்கொண்டு, அது இல்லாத கெர்னலில் வாரக்கணக்கில் சோதனை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டி முடித்ததும் கோப்பைத் திறந்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டை அழுத்தி அதன் பெயரைத் தேடுங்கள். எதையெல்லாம் சார்ந்திருக்கிறது, அவற்றில் எது இயக்கப்படவில்லை என்று அங்கேயே தெரியும்.

கேள்வி: எங்கள் டிரைவர் சில மணி நேரம் நன்றாக ஓடுகிறது. பிறகு ஊப்ஸ் (கெர்னல் தன் பிழையை அறிவிக்கும் செய்தி) வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். ஒருமுறை கோப்பு முறைமையில்கூட விழுந்தது. எங்கே தொடங்குவது? (உட்பொதி மென்பொருள் பொறியாளர்)

விழும் இடம் மாறிக்கொண்டே இருந்தால், விழுகிற குறிமுறை பெரும்பாலும் குற்றவாளி இல்லை. யாரோ விடுவித்த நினைவகத்தை இன்னும் யாரோ தொட்டுக்கொண்டிருக்கிறார்கள், அல்லது தங்கள் எல்லையைத் தாண்டி எழுதுகிறார்கள். கோப்பு முறைமையை ஆராய ஒரு நாளைக்கூடச் செலவிடாதீர்கள்.

முதல் அடியை மீண்டும் கம்பைல் செய்யாமலேயே எடுத்து வைக்கலாம். கெர்னலுக்குள் நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் ஸ்லப் ஒதுக்கீட்டாளரின் சோதனைகள் பெரும்பாலான கெர்னல்களில் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன, உறங்கிக்கொண்டிருக்கின்றன. துவக்கக் கட்டளை வரியில் 'ஸ்லப் டீபக்' என்ற அளவுருவுக்கு எஃப், இசட், பி, யு என்ற நான்கு எழுத்துகளையும் கொடுத்தால் விழித்துக்கொள்ளும். எழுத்துகளுக்குப் பின் காற்புள்ளி வைத்து ஒரே ஒரு தொகுப்பின் பெயரைக் கொடுத்து, அதை மட்டும் கண்காணிக்கவும் வைக்கலாம். வேகம் அவ்வளவாகக் குறையாது.

இதில் 'பி' என்ற எழுத்துதான் எனக்கு மிகவும் பிடித்தது. நினைவகம் விடுவிக்கப்பட்டதும் அதன் பைட்டுகளை அது பதினாறடிமான எண் 6பி-யால் நிரப்பிவிடும். அதன் பிறகு வரும் ஊப்ஸில் முகவரியைக் கூர்ந்து பாருங்கள். 64 பிட் இயந்திரத்தில் 6பி 6பி 6பி 6பி 6பி 6பி 6பி 83 என்று ஒரு முகவரி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஏழு பைட்டுகள் விஷயத்தைச் சொல்லிவிட்டன: விடுவிக்கப்பட்ட ஒரு பொருளுக்குள்ளிருந்து ஒரு பாயிண்டரை (முகவரியைத் தாங்கும் மதிப்பை) படித்திருக்கிறார்கள். கடைசி பைட் மட்டும் ஏன் 83? 83-இல் 6பி-யைக் கழித்தால் பதினாறடிமானத்தில் 18, அதாவது 24. அந்தப் பாயிண்டர் காட்டும் ஸ்ட்ரக்சரில் 24-ஆவது பைட்டில் தொடங்கும் உறுப்பைத் தொட முயன்றிருக்கிறது குறிமுறை. டீபக் தகவலோடு கம்பைல் செய்த கோப்பின் மேல் 'பாஹோல்' கருவியை ஓட்டினால், எந்த ஸ்ட்ரக்சரில் 24-இல் எந்த உறுப்பு இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஊப்ஸில் உள்ள ஃபங்ஷன் பெயரையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், தேட வேண்டிய இடம் இரண்டு மூன்று வரிகளுக்குள் அடங்கிவிடும். ஒரே ஒரு முகவரிக்குள் இவ்வளவு செய்தி அடங்கியிருப்பது எனக்கு இன்றும் அலுக்காத வியப்பு.

ஆனால் யார் விடுவித்தார்கள் என்பதை அந்த ஊப்ஸ் சொல்லாது. அதற்குத்தான் கேசான். 2015-இல் 4.0 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. தவறான அணுகல் நிகழும் அந்தக் கணத்திலேயே பிடித்து, மூன்று ஸ்டாக் ட்ரேஸ்களை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல்களை) தரும்: இப்போது தொட்டது யார், முதலில் ஒதுக்கியது யார், இடையில் விடுவித்தது யார். பொதுவகை கேசான், விடுவித்த நினைவகத்தை உடனே மறுபயன்பாட்டுக்குக் கொடுக்காமல் சிறிது காலம் ஒதுக்கியும் வைத்திருக்கும். அதனால்தான் தாமதமாக வரும் அணுகலும் சிக்குகிறது. உங்கள் டிரைவர் கெர்னல் மூலத்துக்கு வெளியே இருக்கும் மாட்யூல் என்றால் அதையும் அந்தக் கெர்னலோடு மறுபடி கம்பைல் செய்யுங்கள். கேசானின் சோதனைகளைக் கம்பைலர்தான் குறிமுறைக்குள் நுழைக்கிறது. பழைய மாட்யூலுக்குள் அவை இருக்காது.

கேள்வி: லாக்டெப் இயக்கியதும் 'வட்டமான பூட்டுச் சார்பு இருக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை வருகிறது. ஆனால் எங்கள் இயந்திரம் ஒருமுறைகூட உறைந்ததில்லை. பொய் எச்சரிக்கை என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். இயந்திரம் உறைவதற்கு முன்பே சொல்வதற்காகத்தான் இதை எழுதினார்கள். இங்கோ மோல்நார் முன்னின்று எழுதி, 2006-இல் 2.6.18 பதிப்பில் சேர்ந்த இந்தக் கருவி, கெர்னலுக்குக் கிடைத்த மிகச் சிறந்த கொடைகளுள் ஒன்று என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அது பூட்டுகளின் வரிசையை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரு வழியில் 'அ'வைப் பிடித்துக்கொண்டு 'ஆ'வைக் கேட்டீர்கள். எப்போதோ, வேறொரு வழியில், 'ஆ'வைப் பிடித்துக்கொண்டு 'அ'வைக் கேட்டீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதில்லை. தனித்தனியாக ஒவ்வொரு முறை நடந்திருந்தாலே போதும், இவை இரண்டும் இரு செயலிகளில் ஒன்றாக நடந்தால் என்ன ஆகும் என்று லாக்டெப் கணக்கிட்டுவிடும். உங்கள் மேசையில் அந்தத் தற்செயல் நிகழாமல் இருக்கலாம். ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் ஓடும்போது எங்கோ ஒன்றில் நிகழும்.

அறிக்கையை இப்படிப் படியுங்கள். தொடக்கத்தில் இரண்டு பூட்டுகளின் பெயர்கள் இருக்கும்: கேட்கப்படுவது ஒன்று, கையில் இருப்பது மற்றொன்று. அடுத்து வரும் சங்கிலி தலைகீழ் வரிசையில் இருக்கும். அதில் எண் 0 இடப்பட்டது இப்போது நடந்த அணுகல். எண் 1 முதலானவை முன்பே பதிவான வரிசை. பலர் இப்போது நடந்ததை மட்டும் பார்த்துவிட்டு 'இதில் தவறே இல்லையே' என்கிறார்கள். தவறு பெரும்பாலும் எண் 1-இன் ஸ்டாக் ட்ரேஸில்தான் ஒளிந்திருக்கும். கடைசியில் இரண்டு செயலிகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு சிறு அட்டவணை வரும். அதைத் தாளில் எழுதி எதிரில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே பொய் எச்சரிக்கை வருவதும் உண்டு. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பூட்டுகளை, தாய்க்கும் சேய்க்கும் இடையே உள்ளதுபோல் மாறாத வரிசையில் எடுக்கும் குறிமுறையில் அது நேரும். அப்போது பூட்டும் அழைப்பின் 'நெஸ்டட்' வடிவத்தைப் பயன்படுத்தி உள்வகை எண்ணைக் கொடுக்கலாம். வரிசை மாறவே மாறாது என்பதை எழுதிக் காட்ட முடிந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

முதல் எச்சரிக்கையை அச்சிட்டதும் லாக்டெப் தன்னை நிறுத்திக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். அதன் பின் நீங்கள் ஓட்டும் சோதனைகளை அது பார்ப்பதில்லை. தனியுரிம மாட்யூலை ஏற்றினாலும் நின்றுவிடும். 'ப்ராக்' அடைவில் உள்ள 'லாக்டெப் ஸ்டாட்ஸ்' கோப்பில் 'டீபக் லாக்ஸ்' என்ற வரி 1 காட்டினால் விழித்திருக்கிறது என்று பொருள். 0 என்றால் மீண்டும் துவக்குங்கள்.

கேள்வி: ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியில் பார்த்தால் பாதி மாறிகள் 'உகப்பாக்கலில் நீக்கப்பட்டது' என்றே வருகின்றன. உகப்பாக்கம் (கம்பைலர் குறிமுறையை வேகப்படுத்த மாற்றுவது) இல்லாமல் கெர்னலைக் கம்பைல் செய்ய முடியுமா?

முடியாது. அடைய முடியாத கிளைகளைக் கம்பைலர் நீக்கிவிடும் என்பதை நம்பியே கெர்னலின் பல பகுதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. நீக்காவிட்டால் துண்டுகளை இணைக்கும் கட்டத்திலேயே கம்பைல் நின்றுவிடும். நீங்கள் பார்க்க விரும்பும் ஃபங்ஷனுக்கு மட்டும் 'நோஇன்லைன்' குறி (அழைக்கும் இடத்துக்குள் கரைக்காதே என்பது) போட்டுப் பாருங்கள், அழைப்புச் சங்கிலி தெளிவாகும். மாறியின் மதிப்புதான் வேண்டும் என்றால், அந்த இடத்தில் மதிப்பைப் பதிவில் எழுதும் ஒரு 'ட்ரேஸ் பிரிண்ட்கே' வரி ஜிடிபியைவிட விரைவாக வேலையை முடிக்கும்.

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி என்ற மற்றொரு இயங்குதளத்தில் இவற்றுக்கு இணையானவை உண்டா?

உண்டு. பூட்டு வரிசைக்கு 'விட்னஸ்', உள்ளக நிபந்தனைகளைச் சோதிக்க 'இன்வேரியன்ட்ஸ்'. பின்னதற்கு 'இன்வேரியன்ட் சப்போர்ட்' வரியும் கூடவே வேண்டும். வளர்ச்சிக் கிளையின் ஜெனரிக் கெர்னலில் இவை இயல்பாகவே இயங்கும், நிலையான கிளைகளில் இருக்காது. வளர்ச்சிக் கிளையை ஓட்டி 'மெதுவாக இருக்கிறது' என்று எழுதும் நண்பர்களுக்கும் இதுவே பதில். வேகத்தை அளக்க வேண்டுமென்றால் அதே அடைவில் உள்ள 'ஜெனரிக்-நோடீபக்' அமைப்பைக் கம்பைல் செய்யுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர்களிடம் ஓடும் இயந்திரங்களில் எதை விட்டு வைக்கலாம்?

கேஃபென்ஸ் என்ற நினைவகப் பிழை காட்டி. 2021-இல் 5.12 பதிப்பில் வந்தது. எல்லா ஒதுக்கீடுகளையும் பார்க்காமல், இயல்பாக 100 மில்லிநொடிக்கு ஒன்றை மட்டும் எடுத்துக் காவல் பக்கங்களுக்கு (தொட்டாலே பிழை எழுப்பும் நினைவகப் பக்கங்களுக்கு) நடுவே வைக்கும். 4 கிலோபைட் பக்கங்கள் உள்ள இயந்திரத்தில் 255 பொருள்களுக்கு ஏறத்தாழ 2 மெகாபைட்தான் செலவு. ஓர் இயந்திரத்தில் அது எதையும் பிடிக்காமல் போகலாம், ஆனால் பல இயந்திரங்கள் பல நாள்கள் ஓடும்போது பிடித்துவிடும். பிடித்தால் கேசானைப் போலவே தெளிவான அறிக்கை தரும். தொங்கி நிற்கும் பணிகளைக் கண்டறியும் விருப்பத்தையும் விட்டு வையுங்கள். ஒரு பணி 120 நொடி அசையாமல் கிடந்தால் பதிவில் எழுதும்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று அந்த இயந்திரத்தில் இல்லை, உங்களிடம் இருக்கிறது. வெளியே அனுப்பும் ஒவ்வொரு கெர்னலுக்கும் உரிய, டீபக் தகவலோடு கூடிய 'விஎம்லினக்ஸ்' (சுருக்கப்படாத கெர்னல்) கோப்பையும் மாட்யூல்களையும் '.கான்ஃபிக்' கோப்பையும் சேர்த்து வையுங்கள். ஊப்ஸ் வந்ததும் மூல அடைவின் 'டீகோட் ஸ்டாக்ட்ரேஸ்' நிரலுக்கு அந்த 'விஎம்லினக்ஸை'க் கொடுத்தால், ஃபங்ஷன் பெயரும் அதன் தொடக்கத்திலிருந்து உள்ள தூரமும் மட்டுமே உள்ள வரிகள் கோப்பின் பெயராகவும் வரி எண்ணாகவும் மாறும். பிறகு அதே மூலத்திலிருந்து மறுபடி கம்பைல் செய்து கொண்டுவருவோம் என்று இருக்காதீர்கள். கம்பைலரின் பதிப்பு சற்று மாறினாலும் தூரங்கள் பொருந்தாமல் போகும்.

கேள்வி: கியூஎமு என்ற மெய்நிகர் இயந்திரத்தில் கெர்னலை ஓட்டி ஜிடிபியை இணைத்தேன். நிறுத்தப் புள்ளி வைத்த எந்த இடத்திலும் நிற்கவே இல்லை.

கெர்னல் ஒவ்வொரு முறையும் வேறு முகவரியில் ஏற்றப்படுகிறது. இதைத் தடுக்க, துவக்கக் கட்டளை வரியில் 'நோ-கேஏஎஸ்எல்ஆர்' என்பதைக் கோடில்லாமல் ஒரே சொல்லாகச் சேருங்கள். அதன் பிறகும் நிற்காவிட்டால், சாதாரண நிறுத்தப் புள்ளிக்குப் பதில் வன்பொருள் நிறுத்தப் புள்ளியை வையுங்கள். துவக்கத்தின் தொடக்கக் கட்டத்தில் பக்க அட்டவணைகள் தயாராகும் முன் சாதாரணப் புள்ளிகளை ஜிடிபியால் நினைவகத்தில் எழுத முடியாது.