தூங்காத சோம்பேறி

கேள்வி: என் மகன் இன்ஜினீயரிங் கடைசி வருடம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க இன்னும் பத்து நாள்தான். லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு அலமாரியை அடுக்குகிறான். கைடு போன் செய்தால் எடுப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். நான் திட்டாத நாளில்லை. இந்தச் சோம்பேறித்தனத்தை எப்படி ஒழிப்பது?
- ஒரு தகப்பன், கரூர்

பதில்: முதலில் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள் ஐயா. சோம்பேறிக்குப் படுத்ததும் தூக்கம் வரும். உங்கள் மகனுக்கு வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘எவ்வளவு முடித்தாய்?’ என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்துதான் கைடின் போனை எடுக்காமல் இருக்கிறான்.

தள்ளிப்போடுகிற எல்லோருக்கும் பயம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வேலை பிடிக்காமல் தள்ளிப்போடுகிறவர்களும் நிறைய. ஆனால் 1984-லேயே லாரா சாலமன், எஸ்தர் ராத்பிளம் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் காரணம் கேட்டபோது, வேலை மீதான வெறுப்போடு தோற்றுவிடுவோமோ என்ற அச்சமும் முன்னால் வந்தது. பயந்தவனுக்கு அலமாரி அடுக்கும் அந்த அரை மணி நேரம் நிம்மதி. 1997-ல் டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் வெளியிட்ட ஆய்விலும் இதைப் பார்க்கலாம்: தள்ளிப்போடும் மாணவர்களுக்கு செமஸ்டர் தொடக்கத்தில் மன அழுத்தம் மற்றவர்களைவிடக் குறைவு, கடைசியில் மற்றவர்களைவிட அதிகம், மதிப்பெண்ணும் குறைந்தது. உங்கள் மகன் அந்தக் கடைசிக் கட்டத்தில் நிற்கிறான். நீங்கள் திட்டத் திட்ட பயம் கூடும், ரிப்போர்ட் இன்னும் தள்ளிப்போகும்.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், ‘சரி, போகட்டும்’ என்று தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத்தான் தள்ளிப்போட்டார்கள். தினமும் திட்டு வாங்குகிற பிள்ளை தன்னை எப்படி மன்னிப்பான், சொல்லுங்கள்.

இன்று ராத்திரி அவன் அறைக்குப் போய் உட்காருங்கள். கட்டிய ஃபீஸைப் பற்றியும், வேலை கிடைத்துவிட்ட சொந்தக்காரப் பையனைப் பற்றியும் பேச வேண்டாம். எழுதியது நாலு பக்கமே ஆனாலும் அப்படியே கைடுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அரைகுறையாகவாவது கைக்கு வந்தால்தான் அவரால் திருத்திக் கொடுக்க முடியும். மறுநாள் அவருக்குப் போன் செய்யும்போது பக்கத்திலேயே இருங்கள்.

சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ரிப்போர்ட்டை அடுத்த செமஸ்டரில்கூடக் கொடுத்துக்கொள்ளலாம்.