களை எடுக்கும் கை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் வேலை பார்க்கும் நாங்கள் ஏழு நண்பர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் கூடிப் பேசுவோம். ஆறு மாதமாகச் சுற்றிச் சுற்றி மூன்றே விஷயம்தான். பரிணாமம் உண்மையா? கணிதம் ஏற்கெனவே இருந்ததா, நாம் உண்டாக்கியதா? இயந்திரம் மனிதனை மிஞ்சுமா? எங்களில் ஒருவர் எஞ்சினியர். இருபது வகை அமினோ அமிலங்களிலிருந்து நூறு எடுத்துக் கோத்த ஒரு புரதம் தற்செயலாக அமைய 20-இன் நூறாம் அடுக்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு, ஆகவே கணக்குப்படி பரிணாமம் நடக்கவே முடியாது என்கிறார். இன்னொருவர், மீன், ஆமை, பன்றி என்று தசாவதாரத்திலேயே பரிணாமம் இருக்கிறது என்கிறார். போன வாரம் கை தூக்கி வாக்கெடுப்பு நடத்தினோம். பரிணாமம் பொய் என்று நான்கு கை, உண்மை என்று மூன்று கை. பேச்சு முற்றிச் சண்டையாகி இரண்டு பேர் இப்போது வருவதில்லை. என் கேள்வி: இந்த மாதிரி விவாதத்தால் யாருக்காவது எதுவும் தெளிந்திருக்கிறதா? கூட்டத்தை நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று காலைதான் சேரன்மகாதேவிக்குப் போய்த் திரும்பியிருந்தேன். சொந்தக்காரர் ஒருவர் தன் வயலில் ட்ரோன் வைத்துக் களைக்கொல்லி தெளிப்பதைப் பார்க்க வரச்சொல்லியிருந்தார். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் வயல். என் ஆச்சி குனிந்து களை எடுத்த அதே வரப்புக்கு அடுத்த வரப்பு. தலைக்கு மேலே அது இரைந்துகொண்டு போனபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது ஆச்சியின் இரண்டு விரல்களை. வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம். அதனால்தான் மற்றக் கடிதங்களை எடுத்து வைத்துவிட்டு இதற்கு முதலில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வருத்தம். வாக்கெடுப்பா நடத்தினீர்கள்? தாமிரபரணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்குக் கை தூக்குவீர்களா? படித்த பிள்ளைகள் ஏழு பேர். ஆற்றங்கரை ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்காமல், ஒரு தாளில் நாலு வரி பெருக்கிப் பார்க்காமல், கை தூக்கி முடிவு செய்திருக்கிறீர்கள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அந்த மூன்று பேர்மேலும் அதே கோபம்தான். சரியான பக்கத்தில் கை தூக்கியவர்களும் பார்த்துவிட்டுத் தூக்கவில்லை.

தசாவதாரத்தை விட்டுவிடுங்கள். அது பக்திக்கான கதை, அந்த இடத்தில் அது அழகாக இருக்கிறது. உயிரியல் வகுப்புக்கு அதை இழுத்து வந்தால் கதைக்கும் கௌரவமில்லை, வகுப்புக்கும் பயனில்லை. இயந்திரம் மிஞ்சுமா என்பதையும் இப்போதைக்கு ஒதுக்குகிறேன்.

எஞ்சினியர் தம்பியிடம்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. அவர் ஒருவராவது கணக்குப் போட முயன்றிருக்கிறார். பெருக்கலும் சரிதான். 20-இன் நூறாம் அடுக்கு என்றால் ஏறக்குறைய 1-க்குப் பின்னால் 130 சைபர். ஆனால் அவர் போட்டது வேறு கணக்கு. பெட்டிக்குப் போடும் நம்பர் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வளையம், மொத்தம் 10,000 எண்கள். நான்கும் ஒரே நேரத்தில் சரியாக விழ வேண்டுமென்றால் 10,000 தடவை வரை திருக வேண்டியிருக்கும். ஒவ்வொரு வளையமும் சரியான எண் வந்ததும் 'டக்'கென்று நின்றுவிடும் என்றால் 40 திருகலுக்குள் பூட்டு திறந்துவிடும். கிடைத்ததை விடாமல் வைத்துக்கொள்வது என்ற ஒன்று வந்துவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பது தனிக் கேள்வி, அதில் இன்னும் வேலை நடக்கிறது. அதை இதோடு கலக்கக் கூடாது.

பூட்டு உவமையிலும் ஓர் ஓட்டை உண்டு. பூட்டுக்குத் திறக்க வேண்டிய எண்ணை யாரோ முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். உயிருக்கு அப்படி எந்த எண்ணும் கிடையாது. அதனால் பூட்டை வைத்துவிட்டு வயலுக்கு வாருங்கள்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். பிசானப் போகத்து நெல் நடவு முடிந்து இருபது நாள், கார்த்திகை மாசம். ஆச்சி சேற்றில் நின்றபடி என் கைக்கொரு பயிராக வைத்து, "எது நெல்லு, எது களை, சொல்லு பாப்பம்" என்றாள். இரண்டும் ஒரே பச்சை, ஒரே உயரம், ஒரே மாதிரி நிமிர்ந்த இலை. மூன்று தடவை சொன்னேன், மூன்றும் தப்பு. ஆச்சி சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்து இலை தண்டோடு சேரும் இடத்துக்குக் கொண்டுபோனாள். "ஏல, தலையப் பாக்காத. கழுத்த மடக்கிப் பாரு."

மடக்கினேன். நெல்லில் அந்த மூட்டில் வெள்ளையாக ஒரு சவ்வு, நாக்கு நீட்டியதுபோல எழும்பி நின்றது. இரண்டு பக்கமும் பூனைமயிர் முளைத்த சின்னக் காது. இன்னொன்றில் எதுவுமே இல்லை, வழவழவென்று மொட்டைக் கழுத்து. அது குதிரைவாலிக் களை. ஆச்சி அதைச் சுருட்டி வரப்பில் எறிந்துவிட்டுச் சொன்னதை நான் பல வருஷம் வெறும் வசவு என்றே நினைத்திருந்தேன்: "நான் கெட்டிக்கொடுத்து இந்த ஊருக்கு வந்தப்பம் இது செவத்த காலோட தனியாத் தெரியும். இப்பம் நாத்தோட நாத்தா நிக்கி. வரவர மூதேவி வேசம் கட்டப் படிச்சிட்டு."

தம்பி, எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு பெண் தன் ஆயுசில் ஒரு செடி மாறியதைக் கண்டு சொல்லியிருக்கிறாள். நான் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியர் பரிணாமப் பாடத்தை "பரீட்சைக்கு வராது" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். எனக்கு அந்தப் பாடம் கிடைத்தது சேற்றில்தான், அதுவும் கிடைத்தது என்று புரிய இருபது வருஷம் ஆனது.

யார் அந்தக் களைக்கு வேஷம் கட்டிவிட்டது? ஆச்சிதான். அவளும், அவளுக்கு முன்னால் குனிந்த அத்தனை பெண்களும். சிவந்த தண்டோடு நின்றதைக் கை உடனே பிடுங்கியது. கொஞ்சம் பச்சையாக, கொஞ்சம் நெல் சாயலாக இருந்தது கைக்குத் தப்பி விதை போட்டது. நாற்றங்காலில் நெல்லோடு முளைத்தது நாற்று முடிக்குள்ளேயே கட்டப்பட்டு வந்து, அதே கையால் வரிசையாக நடவும் பட்டது. அந்தப் பெண்கள் விரும்பியது களை ஒழிய வேண்டும் என்பது. நடந்தது நேர் எதிர். யாரும் திட்டமிடவில்லை. களைக்கும் ஆசை கிடையாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மிச்சம் தானே வரும்.

இனிக் கணக்கு. தாளும் பேனாவும் எடுங்கள். ஒரு வயலில் ஆயிரம் களை, அதில் ஒன்றே ஒன்று நெல் சாயல். சாயல் விதை வழியாக இறங்கும், செடிக்குச் செடி விதை எண்ணிக்கை ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் களையில் நூற்றுக்குப் பத்து கைக்குத் தப்புகிறது, சாயல் களையில் நூற்றுக்கு இருபது. அப்படியானால் ஒவ்வொரு போகத்திலும் இரண்டுக்கும் உள்ள விகிதம் இரட்டிக்கும். 1-க்கு 999 என்று தொடங்கியது பத்தாம் போகத்தில் 1,024-க்கு 999. பாதிக்கு மேல் வேஷக்காரக் களை. நமக்குக் காரும் பிசானமும் சேர்த்து வருஷத்துக்கு இரண்டு போகம். ஐந்தே வருஷம்.

இரண்டு மடங்கு அதிகம் என்பீர்கள். சரி, குறைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து தப்பும் இடத்தில் சாயல் களை பதினொன்று தப்புகிறது. எந்தக் கண்ணுக்கும் தெரியாத வித்தியாசம். போகத்துக்குப் போகம் 1.1-ஆல் பெருக்குங்கள். 73-ஆவது போகத்தில் சாயல் களை பாதியைத் தாண்டிவிடுகிறது. முப்பத்தாறரை வருஷம். ஆச்சி கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்குக் கழுத்தை மடக்கிக் காட்டியது வரை ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். 20-இன் நூறாம் அடுக்கு இதில் எங்கே வந்தது? சாயல் முதலில் தோன்றியது தற்செயல். தங்கியது தற்செயல் இல்லை.

கேம்பிரிட்ஜில் ஹார்டி என்ற கணித மேதை இருந்தாரே, ராமானுஜனை 1914-இல் வரவழைத்தவர். அதற்கு ஆறு வருஷம் முன்பே, 1908-இல், 'சயின்ஸ்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். பன்னெட் என்ற உயிரியல் நண்பர் கொண்டுவந்த ஒரு விவாதத்துக்குப் பதில். பெருக்கல் வாய்ப்பாடு அளவு கணக்கே போதும் என்று சொல்லி முடித்துவிட்டார். பெரிய கூட்டத்தில் எந்தத் தள்ளலும் இல்லாவிட்டால் மரபுக்கூறுகளின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை அப்படியே நிற்கும். விகிதம் நகர்ந்தால் எதுவோ தள்ளுகிறது என்று அர்த்தம். நம் வயலில் தள்ளியது ஆச்சியின் கை. ஜெர்மனியில் வைன்பெர்க் அதே வருஷம் தனியாக அதையே கண்டார். இருவர் பெயரிலும் இன்று அது பாடம்.

73 என்று எழுதியதும் எனக்கு எஸ்.எஸ். பிள்ளை ஞாபகம் வந்துவிட்டார். உங்கள் ஏழு பேரில் ஒருவருக்காவது இந்தப் பெயர் தெரியுமா? 1901-இல் செங்கோட்டைப் பக்கம் வல்லத்தில் பிறந்தவர். எந்த எண்ணையும் ஒரே அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத அதிகபட்சம் எத்தனை எண்கள் வேண்டும் என்று 1770-இல் வாரிங் என்ற ஆங்கிலேயக் கணிதர் எழுப்பிய கேள்விக்கு, ஆறாம் அடுக்கில் விடை கண்டவர். 703 என்ற எண்ணை ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுதிப் பாருங்கள். 1-இன் ஆறாம் அடுக்கு 1. 2-இன் ஆறாம் அடுக்கு 64. 3-க்குப் போனால் 729, தாண்டிவிடும். ஆக, பத்து 64 போக மிச்சம் 63 ஒன்றுகள். மொத்தம் 73. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் 73-க்கு மேல் தேவைப்படாது என்று 1940-இல் நிறுவினார். 1950 ஆகஸ்ட் 31 அன்று, ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்துபோனார். நம் மண்ணில் பிறந்த அந்த மனிதரின் கணக்கை நம் பிள்ளைகள் ஒரு சாயங்காலம்கூடப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தீராத மனக்குறை.

என் களைக் கணக்கில் வந்த 73-உம் அவருடைய 73-உம் ஒத்துப்போனது தற்செயல். அந்தச் சொல்லை இந்த மாதிரி இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணிதம் இருந்ததா உண்டாக்கியதா என்ற கேள்விக்கும் என்னிடம் இதுதான் உண்டு: செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி, பிறகு திருநெல்வேலி, 2019-இலிருந்து தென்காசி மாவட்டம். எல்லையை நாம் போட்டோம், மாற்றினோம். அந்த 73-ஐ யாராலும் 72 ஆக்க முடியவில்லை.

கை தூக்கி முடிவு செய்வது எங்கே கொண்டுவிடும் என்பதற்கும் இந்தக் களையோடு சேர்ந்த கதை ஒன்று இருக்கிறது. பயிரைப்போல வேஷம் போடும் களையை ஆராய்ந்தவர் ரஷ்யாவின் வாவிலோவ். கோதுமை வயலில் களையாக நுழைந்த ரை என்ற தானியப் புல், கோதுமையாட்டமே மாறி, கடைசியில் தானே ஒரு பயிராகிவிட்டதைக் காட்டியவர். உலகமெல்லாம் அலைந்து லெனின்கிராட்டில் விதைகளைச் சேர்த்து வைத்தார். அங்கே மரபியல் விவாதத்தை வயலும் கணக்கும் தீர்க்கவில்லை, அதிகாரம் தீர்த்தது. 1940-இல் கைது, 1943-இல் சரத்தோவ் சிறையில் மரணம். அந்த விதைகளைக் காத்தவர்களில் சிலர் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை அந்நகரை முற்றுகையிட்ட காலத்தில் மூட்டை மூட்டையாகத் தானியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பட்டினியால் செத்தார்கள். உங்கள் நான்குக்கு மூன்று வாக்கைப் படித்தபோது எனக்கு இவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். கோபப்பட்டதற்கு அதுதான் காரணம், தப்பாக நினைக்காதீர்கள்.

அன்று ட்ரோன் ஓட்டிய பையன் நல்ல சூட்டிகையானவன். அடுத்தது கேமரா வைத்த இயந்திரம் அண்ணாச்சி, இலையைப் படம் பிடித்துக் களையை மட்டும் பிடுங்கும் என்றான். வரட்டும், குனிந்து குனிந்து முதுகு போன பெண்களைப் பார்த்தவன் நான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி 1974-இல் சந்தைக்கு வந்தது, 1996-இல் ஆஸ்திரேலியாவில் அதற்குச் சாகாத ஒரு புல்லைக் கண்டார்கள். கேமராவுக்கும் ஒரு கண்தானே? அந்தக் கண்ணுக்கு எது நெல்லாகத் தெரிகிறதோ அது தப்பும், விதை போடும். ஆச்சிக்குக் கழுத்தை மடக்கத் தெரிந்தது. அந்த இயந்திரத்துக்கு எதை மடக்கக் கற்றுக்கொடுப்பது என்பதை உங்கள் எஞ்சினியர் நண்பர் யோசிக்கட்டும். அவருக்கு ஏற்ற வேலை அது.

கூட்டத்தை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கோபித்துக்கொண்டு போன இரண்டு பேரையும் நீங்களே வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள், நீங்கள் போனால் வருவார்கள். கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை ஏழு பேரும் சேரன்மகாதேவிக்கு வாருங்கள். மீட்டருக்கு மீட்டர் சதுரமாகக் கட்டக் கயிறும் நாலு குச்சியும் கொண்டுவாருங்கள். களை எடுப்பதற்கு முன்னால் சதுரத்துக்குள் சிவந்த தண்டு எத்தனை, பச்சைத் தண்டு எத்தனை, எடுத்த பிறகு தப்பியதில் எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குள் வந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் பெண்கள் கரையேறிவிடுவார்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி