பின்வாங்கப்பட்ட ஆய்வுக் கட்டுரையை இதழ்கள் ஏன் அடியோடு நீக்கிவிடுவதில்லை?

தவறென்று உறுதியான கட்டுரையை அழித்துவிட்டால், அதை முன்னரே மேற்கோள் காட்டிய பிற ஆய்வுகள் எதன்மேல் நின்றன என்பதை வாசகர் அறிய வழியில்லாமல் போய்விடும். ஆகவே, பின்வாங்கப்பட்டது என்ற குறியுடனும் அதன் காரணத்தைச் சொல்லும் அறிவிப்புடனும் கட்டுரையைப் பார்வைக்கு வைத்திருப்பதே முறை. 1997-இல் பிரிட்டனில் இதழாசிரியர்கள் தொடங்கிய 'கோப்' என்னும் பதிப்பு நெறிமுறைக் குழுவின் வழிகாட்டுதல்படி, பின்வாங்கலின் முதன்மை நோக்கம் எழுதியவரைத் தண்டிப்பதன்று. ஆய்வுப் பதிவைத் திருத்துவதே.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தைக் கிளப்பிய கட்டுரையை, வெறும் 12 குழந்தைகளின் விவரங்களைக் கொண்டு, 'தி லான்செட்' என்னும் மருத்துவ இதழ் 1998-இல் வெளியிட்டது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடர முனைந்த தரப்பிடமிருந்து பணம் பெற்றதை கட்டுரையை எழுதியவர்களில் முதன்மையானவரான ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு இதழுக்குத் தெரிவித்திருக்கவில்லை. பத்திரிகையாளர் பிரையன் டீர் இதை வெளிக்கொணர்ந்த 2004-இல் அவருடன் சேர்ந்து எழுதியவர்களில் 10 பேர், தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற விளக்கத்தைக் கைவிட்டனர். எனினும், குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட விதம் பற்றியும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு தந்த ஒப்புதல் பற்றியும் கட்டுரை கூறியவை பொய் என்று மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் கண்டறிந்த பிறகே, 2010 பிப்ரவரியில், இதழ் அதை முழுமையாகப் பின்வாங்கியது.

இந்த 12 ஆண்டுத் தாமதம் என் பார்வையில் மன்னிக்கத்தக்கதன்று. இடைப்பட்ட காலத்தில் பிரிட்டனில் தடுப்பூசி போடுவோர் விகிதம் சரிந்து தட்டம்மை மீண்டும் தலைதூக்கியது. அந்தக் கட்டுரை இன்றும் இதழின் தளத்தில், பின்வாங்கப்பட்டது என்ற குறிப்புடன் இருக்கிறது.