முதலில் வலையை அவிழ்க்கச் சொல்லுங்கள்

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. மாமியார் தவறிய பிறகு எங்களோடுதான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு புளோக்கின் பின்புறப் புல்தரையில் ஒரு முருங்கைப் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டார். பிறகு ஒரு கறிவேப்பிலை, ஒரு மாங்கன்று. யாரையும் கேட்கவில்லை. மற்றவர்கள் காயைப் பறிக்கிறார்கள் என்று சுற்றிலும் பச்சை வலை கட்டி, ‘பறிக்காதீர்’ என்று அட்டையும் தொங்கவிட்டார். போன வாரம் நகர மன்றத்தினர் மரத்தில் ஓர் அறிவிப்பைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் அகற்றாவிட்டால் அவர்களே வெட்டிவிடுவார்களாம். இரண்டாம் மாடி மக்சிக்தான் (மலாய்க்கார அம்மா) புகார் கொடுத்திருப்பார் என்கிறார் மாமா. அவர் கழியில் காயப்போட்ட துணியில் கம்பளிப்பூச்சி ஏறியது உண்மைதான். “மரம் நடச் சொன்னதே இந்த அரசாங்கம்தானே” என்று சொல்லிச் சொல்லி மாமா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் “விடு, வெட்டட்டும்” என்கிறார். எதிர்த்து எழுதலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிங்கப்பூர்

பதில்: எழுதலாம், சகோதரி. எதிர்த்து வேண்டாம், கேட்டு எழுதுங்கள். புளோக்கைச் சுற்றியிருக்கும் புல்தரை பொது இடம். அதைப் பராமரிப்பது நகர மன்றம். அனுமதி வாங்காமல் அங்கே எதையும் நடக்கூடாது என்பது விதி. நான்கு வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதால் அனுமதி கொடுத்ததாக ஆகிவிடாது. இன்னொன்றும் உண்டு, அதை மாமா சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள்: சட்டம் பேசப் போனால் அந்த மண்ணில் காய்க்கும் காயும் அவருடையதல்ல.

உங்கள் கடிதத்தில் அறிவிப்பைவிட அந்தப் பச்சை வலைதான் எனக்கு உறுத்தியது. போத்தை நட்ட அன்று, “எல்லாருக்கும்தானே நட்டேன்” என்று மாமா நிமிர்ந்து சொல்லியிருக்கலாம். வலை கட்டிய அன்று அந்தப் பேச்சு அடிபட்டுப் போய்விட்டது. கேட்காமல் நடுகிற பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் தண்ணீர் ஊற்றுவார்கள், இரண்டாம் வருடம் சுற்றிக் கல் அடுக்குவார்கள், மூன்றாம் வருடம் கயிறு வந்துவிடும். தினமும் தண்ணீர் சுமந்த கைக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் மக்சிக் பக்கம் நின்று பாருங்கள். நான்கு வருடமாக அவர் வீட்டுக்கு அந்த மரத்திலிருந்து வந்தது கம்பளிப்பூச்சி மட்டும்தான். மாதம் ஒரு கட்டுக் கீரை போயிருந்தால் அவர் முதலில் உங்கள் கதவைத்தான் தட்டியிருப்பார். புகார் கொடுத்தது அவர்தான் என்பதும் மாமாவின் ஊகம்தானே?

அரசாங்கம்தானே நடச் சொன்னது என்கிறார். அதில் தப்பில்லை. 1963 ஜூன் 16ஆம் தேதி லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரத்தை நட்டுத் தொடங்கிவைத்த வேலை அது. 1971 நவம்பர் 7ஆம் தேதி முதல் மரம் நடும் நாளில் அமைச்சர் கோ கெங் சுவீ ஃபேபர் மலை உச்சியில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நட்டார். மாமா வயதுக்காரர்களுக்கு இதெல்லாம் கண்ணால் பார்த்த காலம். ஆனால் அந்த மரங்களைக் கழித்துவிட ஆள் உண்டு, கிளை முறிந்து விழுந்தால் பதில் சொல்லவும் ஆள் உண்டு. அப்படிப் பார்த்துக்கொண்டும் விபத்து நடக்கிறது. 2017 பிப்ரவரியில் பூமலையில் (தாவரவியல் பூங்காவில்) 40 மீட்டர் உயரத் தெம்புசு மரம் ஒன்று சாய்ந்து ஒரு பெண் இறந்துபோனார். 270 வயதுக்கு மேலான பாரம்பரிய மரம், நிபுணர்கள் சோதித்துவந்த மரம். மாமாவின் முருங்கை சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வீசும் புயல்காற்றில் முறிந்து கீழே சைக்கிள் ஓட்டும் பிள்ளைமேல் விழுந்தால் யார் பதில் சொல்வது? முருங்கை பருத்தால் தூணாகாது என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

அதனால் மூன்றையும் சேர்த்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மாங்கன்றை விட்டுவிடுங்கள். அந்தப் புல்லுக்கடியில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் போயிருக்கலாம். தொழில்முறையில் தோண்டுகிறவர்களே கம்பி எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கடப்பாரையை இறக்குவார்கள், மாமா இறக்கியது அவர் அதிர்ஷ்டம். மா பெரிய மரமாகும் சாதி. இன்றைக்குத் தப்பினாலும் பத்து வருடம் கழித்து அதே அறிவிப்பு வரும், அப்போது வெட்டுவது இன்னும் வலிக்கும்.

கறிவேப்பிலைக்குக் கவலை வேண்டாம். அடியில் தேடினால் வேரிலிருந்து கிளம்பிய பக்கக் கன்றுகள் இருக்கும். நல்ல மழைக்கு மறுநாள் வேரோடு மண் உதிராமல் எடுத்துத் தொட்டியில் வையுங்கள். தொட்டியைத் தாழ்வாரத்தில் வைத்தால் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும், கைப்பிடிச் சுவர்மேல் வைக்கவே கூடாது.

மாமாவையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே நகர மன்ற அலுவலகத்துக்குப் போங்கள். வலையையும் அட்டையையும் போவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். அவர் கையாலேயே கழற்றட்டும். ‘பறிக்காதீர்’ அட்டை தொங்கும் மரத்துக்காகப் பரிந்து பேச எந்த அதிகாரியாலும் முடியாது. தண்ணீர் ஊற்ற ஒரு வாளியை அங்கேயே வைத்திருக்கிறாரா? அதையும் எடுத்துவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் ஒரு வாரத்துக்குள் ஏடிஸ் கொசு பறக்கத் தயாராகிவிடும், அதற்கு அபராதம் தனி. அலுவலகத்தில் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். செடிகளை எடுத்துக்கொள்ள ஒரு மாத அவகாசம், உங்கள் பேட்டையில் சமூகத் தோட்டம் எங்கே இருக்கிறது என்ற விவரம். எடுத்த எடுப்பில் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு ஓட வேண்டாம். கேட்டும் கிடைக்கவில்லை என்றால் பார்க்கலாம்.

தேசியப் பூங்காக் கழகம் 2005ல் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து வீவக பேட்டைகளில் குடியிருப்பாளர் தோட்டங்கள் நிறைய வந்துவிட்டன. அருகில் இல்லையென்றால் நான்கைந்து வீட்டார் சேர்ந்து வசிப்போர் குழு வழியாகக் கேட்கலாம். மக்சிக்கை அந்த நான்கைந்தில் ஒருவராகச் சேர்க்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. (அங்கேயும் கதவுக்குப் பூட்டுப் போட்டுக்கொள்ளும் குழுக்கள் உண்டு. அது மாமாவின் வலைக்கு அண்ணன்.) தனியாகத்தான் வேண்டும் என்றால் பூங்காக்களில் வாடகைப் பாத்தி கிடைக்கும். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஆண்டுக்கு ஏறக்குறைய 60 வெள்ளி. வெண்டையும் கீரையும் போடலாம், மரம் வைக்க இடம் போதாது.

உங்கள் கணவர் சொல்வதில் சட்டம் இருக்கிறது, ஆனால் அவர் அப்பாவுக்கு அது வெறும் மரமில்லை என்பது அவருக்கும் தெரியும். அலுவலகத்துக்குப் போகும் அன்று அவரும் கூட வரட்டும்.

முருங்கைக்கு மட்டும் வெட்டு ஒரு நஷ்டமே இல்லை. தோட்டத்தில் இடம் கிடைத்தால் வெட்டும் கிளையில் கட்டைவிரலைவிடப் பருமனாக, இரண்டு முழ நீளத்துக்கு மூன்று போத்து எடுத்து வையுங்கள். கையெட்டும் உயரத்திலேயே ஒடித்துக்கொண்டிருந்தால் கீரைக்குக் கீரை, காற்றுக்கும் பயமில்லை, பூச்சி வந்தாலும் கண்ணில் படும். வெட்டிய கையோடு நடலாமா, வெட்டுவாய் காயும்வரை இரண்டு நாள் நிழலில் கிடக்க வேண்டுமா என்பதில் ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அதை மாமாவிடமே கேளுங்கள், சாப்பாட்டு நேரத்தில்.