பழைய டிரையம்ப் போனவில்லுக்கு ஓ-ரிங் செயின் பொருந்துமா?

1960களின் டிரையம்ப் போனவில் மோட்டார் சைக்கிளுக்கு, கண்ணிகளில் ரப்பர் வளையங்கள் கொண்ட இக்கால ஓ-ரிங் செயின் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருந்தும், ஆனால் அளவெடுக்காமல் வாங்கிவிடாதீர்கள். அவ்வண்டியின் பின்செயின் 5/8 அங்குல பிட்சும் (அடுத்தடுத்த இணைப்பு ஊசிகளுக்கிடையேயான தூரம்) 3/8 அங்குல உள்ளகலமும் கொண்டது என்பதால், இன்று 530 என்ற எண்ணுடன் விற்கப்படும் செயின் அதன் பல்சக்கரங்களில் சரியாகவே உட்காரும். சிக்கல் வெளியகலத்தில்தான் இருக்கிறது: தகடுகளுக்கிடையே ரப்பர் வளையங்கள் அமர வேண்டியிருப்பதால் கண்ணிகளை இணைக்கும் ஊசிகள் சற்றே நீண்டு, முன் பல்சக்கரத்தருகே பிரைமரி உறையின் (எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் செயினை மூடியிருப்பது) பின்புறத்தையோ, பின்னால் செயின் கார்டையோ உரசக்கூடும். ஆகவே பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, இணைப்புக் கண்ணி கடக்கும் ஒவ்வோரிடத்திலும் இடைவெளியைப் பாருங்கள். அந்த அலுமினிய உறை தேய்ந்து ஓட்டையாவதை நினைத்தாலே மனம் பதறுகிறது. பல்சக்கரங்கள் தேய்ந்திருந்தால் அவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். வளையங்களுக்குள் கிரீஸ் அடைபட்டிருப்பதால், பெட்ரோலையும் கம்பித் தூரிகையையும் தவிர்த்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.