நாலு வயதுக் குழந்தையோடு லண்டன்

கோடை விடுமுறை நெருங்கினாலே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி பயணம் பற்றியதாகிவிடும். இந்த முறை சின்னக் குழந்தையோடு லண்டன் போகிறவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே என் பதில். என் மகள் நடை பழகியது அந்த ஊரில்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நானும் லண்டனைச் சுற்றினேன்.

எங்கள் மகனுக்கு நாலு வயது. ஐந்து நாள் லண்டனில் இருக்கப் போகிறோம். கணவர் போட்ட பட்டியலில் முதல் நாள் மட்டும் நான்கு இடம்: காலையில் டவர் ஆஃப் லண்டன் கோட்டை, மதியம் பிரிட்டிஷ் மியூசியம், மாலையில் லண்டன் ஐ ராட்டினம், இரவில் பிக்கடிலி சர்க்கஸ் சதுக்கம். "இவ்வளவு செலவு செய்து போகிறோம், எதையும் விடக்கூடாது" என்கிறார். முடியுமா?

முடியாது. உங்கள் கணவரின் ஆசை புரிகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் உங்கள் மகன் எங்கே இருக்கிறான்? பெரியவர்கள் பத்து நிமிடத்தில் கடக்கும் தெருவுக்கு அவனுக்கு அரைமணி வேண்டும். வழியில் புறா இருக்கும், குட்டை இருக்கும், தீயணைப்பு வண்டி சத்தம் போட்டுக்கொண்டு போகும். அவனுக்கு லண்டன் என்றால் அதுதான்.

என் கணக்கு இது: ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம், அதுவும் காலையில் கதவு திறக்கும் நேரத்தில். மதியத்துக்கு மேல் பூங்கா. மாலையில் சும்மா பேருந்தில் ஒரு சுற்று. ஐந்து நாளில் ஐந்து இடம் பார்த்திருப்பீர்கள். அந்த ஐந்தும் அவனுக்கும் நினைவில் நிற்கும்.

முதல் நாளை நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்குக் கொடுங்கள். காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள். அனுமதி இலவசம். ஆனாலும் இணையத்தில் இலவசச் சீட்டை முன்பே எடுத்து வைத்துக்கொண்டால் வாசலில் காத்திருப்பது குறையும். 1881-இல் திறந்த கட்டடம் அது. பெரிய மண்டபத்துக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே நீலத் திமிங்கலத்தின் முழு எலும்புக்கூடு வாயைத் திறந்துகொண்டு பாய்கிற மாதிரி தொங்கும். நீளம் 25 மீட்டருக்கு மேல். 1891-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு கரையில் ஒதுங்கிய திமிங்கலம். 2017-இல்தான் இந்த மண்டபத்துக்கு வந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் டிப்ளோடோகஸ் டைனோசரின் வார்ப்பு நின்றது.

அங்கே அவசரப்படாதீர்கள். முதலில் கீழே நின்று பார்க்கட்டும். அப்புறம் டார்வின் சிலை இருக்கும் படிக்கட்டில் ஏறி மேல் தாழ்வாரத்திலிருந்து பார்க்கட்டும். என் மகள் அதன் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "அம்மா, இதுக்குத் தொப்புள் இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்திருக்கும், திமிங்கலமும் நம்மைப் போலக் குட்டி போட்டுப் பால் கொடுப்பதுதானே என்றேன். அவள் எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் மற்ற கூடங்கள் எதற்கும் போகவில்லை. அது எனக்கு நிறைவான காலையாகவே இருந்தது.

டைனோசர் கூடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே இருக்கும் டி-ரெக்ஸ் பொம்மை தலையைத் திருப்பும், உறுமும். நாலு வயதில் சிலர் குதூகலிப்பார்கள், சிலர் அலறுவார்கள். உள்ளே போகும் முன்பே "அது மோட்டாரில் ஓடுகிற பொம்மை" என்று சொல்லிவிடுங்கள். அப்படியும் பயந்தால் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். 2024-இல் புதுப்பித்த தோட்டத்தில் வெண்கல டிப்ளோடோகஸ் ஒன்று அமைதியாக நிற்கிறது.

பக்கத்திலேயே சயின்ஸ் மியூசியம். அதன் அடித்தளத்தில் 'தி கார்டன்' என்று 3 முதல் 6 வயதுக்காரர்களுக்கென்றே தண்ணீர், கட்டைகள் வைத்த விளையாட்டிடம். இதை அதே நாளில் சேர்க்காதீர்கள். மழை பெய்யும் நாளுக்கு எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. கிழக்கிலிருந்து வரும் குழந்தைக்கு முதல் சில நாள் நாலரை, ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஹோட்டல் அறைக்குள் அவனை அடக்கப் பார்ப்பது வீண். ஹைடு பார்க், செயின்ட் ஜேம்ஸ் பார்க் இரண்டும் காலை 5 மணிக்கே திறந்துவிடும். கோடையில் அந்த நேரத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும், வாத்துகளைத் தவிர அதிகம் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் மறையும். "இன்னும் பகல்தானே" என்று அவன் தூங்க மறுப்பான். அறையில் தடித்த திரைச்சீலை இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

தள்ளுவண்டி எடுத்துப் போவதா, வேண்டாமா? டியூப் என்கிற நிலத்தடி ரயிலில் படிக்கட்டு அதிகம் என்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு டிக்கெட் உண்டா?

எடுத்துப் போங்கள். வீட்டில் தள்ளுவண்டியை விட்டுவிட்ட குழந்தைக்கும் அங்கே தேவைப்படும். ஆனால் ஒரு கையால் மடக்கித் தோளில் மாட்டக்கூடிய லேசான வண்டியாக இருக்கட்டும்.

படிக்கட்டு விஷயம் உண்மைதான். பல டியூப் நிலையங்கள் நூறு வருடத்துக்கு மேல் பழையவை, லிஃப்ட் கிடையாது. எஸ்கலேட்டரில் வண்டியை மடக்கிக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், வலது பக்கம் நில்லுங்கள். டியூப் வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி போட்ட நிலையங்களில் படியேறாமல் போகலாம். வெஸ்ட்மின்ஸ்டர், கிரீன் பார்க் அப்படிப்பட்டவை. 2022-இல் வந்த எலிசபெத் லைன் ரயில் பாதையில் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் அல்லது சாய்தளம் உண்டு, ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நேரே நகரின் நடுவுக்கு வந்துவிடலாம். கோவென்ட் கார்டன் நிலையத்தில் மட்டும் லிஃப்ட் வரிசை நீளமாக இருக்கிறதே என்று சுழல் படிக்கட்டில் ஏறிவிடாதீர்கள். 193 படி.

டிக்கெட் கவலை வேண்டாம். 11 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவரோடு சேர்ந்து டியூபில் இலவசம். ஒரு பெரியவர் நாலு குழந்தைகள் வரை அழைத்துப் போகலாம். அகலமான கதவு வழியாக எல்லோரும் ஒன்றாகப் போங்கள். உங்களுக்கு கான்டாக்ட்லெஸ் கார்டு போதும். டியூபில் ஏறும்போதும் இறங்கும்போதும் அதே கார்டைத் தட்ட வேண்டும். பேருந்தில் ஏறும்போது மட்டும். பேருந்தில் 2014-லிருந்தே ரொக்கம் வாங்குவதில்லை. இதை எழுதும்போது ஒரு பயணம் 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்து மாறினால் மறுபடி கட்டணம் இல்லை.

பேருந்தின் நடுவில் தள்ளுவண்டிக்கு இடம் இருக்கும். அது முதலில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு உரிய இடம். அவர் ஏறினால் கேட்கும் முன்பே வண்டியை மடக்குங்கள்.

அரண்மனைக் காவலர் மாற்றம், டவர் ஆஃப் லண்டன், லண்டன் ஐ மூன்றில் எதை விடலாம்? மகளுக்கு மூன்றரை வயது.

பக்கிங்ஹாம் அரண்மனை வாசலை விடுங்கள். முன்வரிசையில் இடம் பிடிக்க வெகு நேரம் முன்பே போய் நிற்க வேண்டும். உங்கள் மகளுக்குத் தெரியப்போவது மற்றவர்களின் முதுகுதான்.

அதற்குப் பதிலாக வைட்ஹால் தெருவில் ஹார்ஸ் கார்ட்ஸ் வாசலுக்குப் போங்கள். பகல் 10 மணியிலிருந்து 4 மணி வரை இரண்டு குதிரை வீரர்கள் அங்கே காவல் நிற்பார்கள். குதிரையை மிக அருகில் பார்க்கலாம். அது காதை ஆட்டுவதும், கடிவாளத்தை மெல்லுவதும், வீரர் இமைக்காமல் உட்கார்ந்திருப்பதும் குழந்தைக்கு நேர் எதிரே. தொட மட்டும் விடாதீர்கள். குதிரை உதைக்கும், கடிக்கும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

ஒரு பிற்பகல் முழுவதையும் இதை வைத்தே நகர்த்தலாம். இரண்டரை மணிக்குள் செயின்ட் ஜேம்ஸ் பார்க் போய்விடுங்கள். அங்கே கூழைக்கடாக்களுக்கு மீன் போடும் நேரம் அது. 1664-இல் ரஷ்யத் தூதர் அரசருக்குப் பரிசாகக் கொடுத்ததிலிருந்து அந்தப் பூங்காவில் கூழைக்கடாக்கள் உண்டு. அலகின் கீழ்ப் பையில் மீன் இறங்குவது வெளியே தெரியும். பார்த்துவிட்டுப் பூங்காவின் விளையாட்டிடத்தில் ஓடட்டும். நாலு மணிக்கு ஹார்ஸ் கார்ட்ஸில் அதிகாரி வந்து காவலர்களைப் பார்வையிட்டு அனுப்புவார். 1894-இல் காவலர்கள் குடித்துச் சூதாடிக்கொண்டிருந்ததைக் கண்ட விக்டோரியா மகாராணி, நூறு வருடத்துக்குத் தினமும் இந்தச் சோதனை நடக்க வேண்டும் என்று தண்டித்ததாகச் சொல்வார்கள். நூறு வருடம் முடிந்த பிறகும் விடாமல் நடக்கிறது.

டவர் ஆஃப் லண்டன் போகலாம், ஆனால் அண்டங்காக்கைகளுக்காகப் போங்கள். ஆறு காக்கைகளாவது அங்கே இல்லாவிட்டால் கோட்டை விழும் என்பது நம்பிக்கை. கோட்டைக்குள் இருக்கும் வொயிட் டவரின் படிகள் குறுகல், தள்ளுவண்டி ஏறாது. அரச நகைகளைப் பார்க்க ஆசை என்றால் திறந்தவுடன் முதலில் அங்கே போய்விடுங்கள், பிறகு வரிசை வளரும்.

லண்டன் ஐ ஒரு சுற்று அரைமணி. பாதி தூரத்தில் "இறங்கணும்" என்று அழுதால் இறக்க முடியாது. உங்கள் மகள் மூடிய இடத்தில் அமைதியாக இருப்பாளா என்பது உங்களுக்குத்தான் தெரியும். உயரத்துக்குப் பதில் வேகம் பிடிக்கும் என்றால் டிஎல்ஆர் (டாக்லாண்ட்ஸ் லைட் ரயில்வே) ரயிலின் முதல் பெட்டியில் முன் இருக்கையில் உட்கார வையுங்கள். அதில் ஓட்டுநர் அறை இல்லை, தண்டவாளம் முழுக்க அவளுக்குத் தெரியும். பேங்க் நிலையத்திலிருந்து கிரீனிச் வரை போய், தேம்ஸ் படகில் திரும்புங்கள். படகில் டாய்லெட் உண்டு. தாய்மார்களுக்கு அதன் அருமை தெரியும்.

கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிடுமோ என்பதே என் பயம். என்ன செய்து வைக்கலாம்?

நியாயமான பயம். தினமும் காலையில் கிளம்பும்போது அன்றைய உடையோடு குழந்தையை ஒரு போட்டோ எடுங்கள். பதறும் நேரத்தில் சட்டை நிறம் யாருக்கும் ஞாபகம் வராது. கையில் கட்டும் பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். உங்கள் முழுப்பெயரைச் சொல்லப் பழக்குங்கள். "காணோம்னா அங்கேயே நில்லு, நாங்க வருவோம்" என்பதை விளையாட்டாகச் சொல்லிச் சொல்லி மனதில் பதிய வையுங்கள்.

டியூபுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். கதவு சட்டென்று மூடிவிடும். ஏறும்போது ஒரு பெரியவர் முன்னால், குழந்தை நடுவில், இன்னொருவர் பின்னால். பெரியவர்கள் பிரிந்துவிட்டால், ரயிலில் போனவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே பிளாட்பாரத்தில் காத்திருக்க வேண்டும், மற்றவர் அடுத்த ரயிலில் வர வேண்டும். சுரங்கத்தில் போன் சிக்னலை நம்பாமல் இதை ஹோட்டலிலேயே பேசிவிடுங்கள். குழந்தை மட்டும் ரயிலில் போய்விட்டால் பிளாட்பாரத்தில் இருக்கும் ஹெல்ப் பாயின்ட்டில் அவசரப் பொத்தானை அழுத்துங்கள், ஊழியர் பேசுவார்.

காய்ச்சல் வந்தால்?

சின்ன உபாதைக்கு முதலில் மருந்துக்கடையில் பார்மசிஸ்டிடம் கேளுங்கள், ஆலோசனை இலவசம். சந்தேகமாக இருந்தால் 111 என்ற மருத்துவ ஆலோசனை எண், உயிருக்கு ஆபத்து என்றால் 999 என்ற அவசர எண். பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்; மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் வெளிநாட்டுப் பயணிக்குக் கட்டணம் உண்டு.

மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். மூன்று மாதம் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன். அவளுக்கு நாலு வயது ஆகப்போகிறது. மகளும் மருமகனும் காலையில் போனால் மாலையில்தான் வருவார்கள். எனக்கு ஆங்கிலம் அதிகம் வராது. நாங்கள் இருவரும் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டியதுதானா?

வேண்டாம் அம்மா. அப்படி அடைந்துவிட்ட பாட்டிமார்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனது பதறியது.

முதல் வாரம் மகளோடு ஒரே ஒரு பேருந்து எண்ணில் மட்டும் போய்ப் பழகுங்கள். வீட்டருகே எந்த நிறுத்தத்தில் ஏறுவது, எங்கே இறங்குவது என்று தெரிந்தால் போதும். அடுத்த நிறுத்தத்தின் பெயரைப் பேருந்தே சொல்லும், திரையிலும் எழுத்து ஓடும். பேத்தியிடம் சிவப்புப் பொத்தானை அமுக்கும் வேலையைக் கொடுங்கள். மாடிப் பேருந்தின் மேல்தளம் அவளுக்கு ஆசையாக இருக்கும். பேருந்து ஓடும்போது படி ஏறுவது உங்களுக்கு நல்லதல்ல, மகள் வரும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

அந்தந்தப் பகுதி நூலகங்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் ஐந்து வயதுக்குக் கீழானவர்களுக்கு 'ரைம் டைம்' என்று இலவசமாகப் பாட்டும் கைதட்டலும் நடத்துகிறார்கள். அங்கே ஆங்கிலம் தெரிய வேண்டியது குழந்தைக்குக்கூட இல்லை. தொடர்ந்து போனால் முகங்கள் பழகும், உங்களைப் போல வேறு நாட்டிலிருந்து வந்த பாட்டிகளும் வருவார்கள்.

நகரின் நடுவே ஓர் இடம் சொல்கிறேன்: கோராம்ஸ் ஃபீல்ட்ஸ். ரஸ்ஸல் ஸ்கொயர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். ஏழு ஏக்கர் விளையாட்டு மைதானம், மணல், ஊஞ்சல். கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக தாமஸ் கோராம் 1739-இல் தொடங்கிய இல்லம் இருந்த நிலம் அது. குழந்தையோடு வராத பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால் கதவுக்குள் நிம்மதியாக உட்கார்ந்து அவள் ஓடுவதைப் பார்க்கலாம். நுழைவு இலவசம்.

மழை என்றால் டேட் மாடர்ன். பழைய மின்நிலையம், 2000-லிருந்து ஓவியக்கூடம். அதன் டர்பைன் ஹாலில் ஒரு பெரிய சாய்தளம் உண்டு, குழந்தைகள் அதில் மேலும் கீழும் ஓடுவார்கள். படம் எதுவும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. அருங்காட்சியகங்களில் டாய்லெட் இலவசம் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

கைப்பையில் வீட்டு முகவரியும் அஞ்சல் குறியீடும் எழுதிய அட்டை இருக்கட்டும். 111-க்குப் போன் செய்ய நேர்ந்தால் "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருவார்கள். நீங்கள் போவது டிசம்பரில் என்றால் நாலு மணிக்குள் இருட்டிவிடும். இரண்டரைக்கே வீட்டுப் பக்கம் திரும்பிவிடுங்கள்.